லாரி எங்கே நின்றால் பாலத்துக்குக் கஷ்டம்?

சேலம் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே ராத்திரி நேரத்தில் நின்றிருக்கிறீர்களா? ஊர்ச் சத்தம் அடங்கியதும் தலைக்கு மேலே 'டடக்... டடக்' என்று கேட்கும். தளத்தின் இணைப்பு இடைவெளியை லாரியின் அச்சுகள் ஒவ்வொன்றாகத் தாண்டுகிற சத்தம் அது.

வீட்டுக்குக் கணக்குப் போடுவது லேசு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நாளைக்கும் அதே இடத்தில்தான் இருக்கும். பாலத்தின் பாரமோ ஓடிக்கொண்டே இருக்கிறது. எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

சாரப் பலகையில் கலவைச் சட்டியோடு நடப்பவரைக் கவனியுங்கள். ஓரத்தில் நிற்கும்போது பலகை வளைவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்து முட்டு மொத்த எடையையும் சுமக்கிறது. நடுவுக்கு வந்தால் முட்டுகளுக்குப் பாதிப் பாதிதான், பலகை தொய்ந்துவிடும். ஆக, பலகையின் ஒவ்வோர் இடத்துக்கும் மோசமான நேரம் வேறு வேறு.

இதைப் படமாக வரையும் வழியை 1867-ல் எமில் விங்க்லர் என்ற ஜெர்மன் பொறியாளர் காட்டினார். பாலத்தில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு டன் எடையை முனைக்கு முனை நகர்த்த வேண்டும். எடை ஒவ்வோர் இடத்திலும் நிற்கும்போது, குறித்த இடத்தில் எவ்வளவு பெண்டிங் மொமென்ட், அதாவது வளைக்கும் விளைவு, வருகிறது என்று புள்ளி வைத்துக்கொண்டே போனால் கிடைப்பது இன்ஃப்ளூயன்ஸ் லைன். 20 மீட்டர் ஸ்பானின் (இரண்டு முட்டுகளுக்கு இடைப்பட்ட நீளம்) நடுப்புள்ளிக்கு அது ஒரு முக்கோணம்; உச்சி 5 டன்-மீட்டர் (எடையைத் தூரத்தால் பெருக்கி வரும் அளவு).

சரி, உருக்காலையிலிருந்து எஃகுத் தகட்டுச் சுருள் ஏற்றிய வண்டி வருகிறது. எளிமைக்காக இரண்டு அச்சு, ஆளுக்கு 10 டன், இடைவெளி 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி சரியாக நடுவில் நின்றால் 80 டன்-மீட்டர். ஓர் அச்சை நட்ட நடுவில் வைத்தாலும் 80தான். ஆனால் ஓர் அச்சு நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளியும், மற்றது எதிர்ப்பக்கம் 3 மீட்டர் தள்ளியும் இருந்தால், முதல் அச்சுக்குக் கீழே 81! வித்தியாசம் சின்னதுதான். ஆனாலும் உச்சம் நடுவில் வரவில்லை என்பதைக் கல்லூரியில் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை. முட்டுக்கு வேறு கதை: நடுவில் நிற்கும் வண்டி அதற்கு 10 டன் கொடுக்கும், ஓர் அச்சு முட்டின் மேலேயே வந்துவிட்டால் 18 டன்.

நிஜத்தில் இரண்டு அச்சோடு முடிவதில்லை. நம் நாட்டு விதிகளில் வரும் 'கிளாஸ் ஏ' என்பது எட்டு அச்சுள்ள கற்பனை வண்டி, மொத்தம் 55.4 டன். அதைக் கணினியில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்க்கிறார்கள். வண்டி குதிப்பதற்காக, 20 மீட்டர் கான்கிரீட் ஸ்பான் என்றால் சுமார் 17 சதவீதம் கூட்டுகிறார்கள். அந்த 'டடக்'கும் கணக்கில் வருகிறது.

அப்புறம், தூணுக்குத் தூண் துண்டாகாமல் தொடர்ந்து ஓடும் கர்டர்களில் (தளத்தைத் தாங்கும் உத்தரங்கள்) இன்னொரு விசித்திரம் உண்டு. ஒரு ஸ்பானில் எடை வைத்தால் பக்கத்து ஸ்பான் லேசாக மேலே எழும்பும். அதனால் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நெரிசலில் பாலம் முழுக்க வண்டி அடைத்து நிற்பதைவிட, பக்கத்து ஸ்பான்கள் காலியாக இருந்து தான் மட்டும் நிறைந்திருப்பதுதான் ஒரு ஸ்பானின் நடுப்பகுதிக்குக் கூடுதல் கஷ்டம். தூணுக்கு மேலே உள்ள பகுதியோ, இரண்டு பக்கமும் நிறையும்போதுதான் அதிகம் திணறும்.