மாயமற்ற அன்பும் கைமாறும் பொறுப்பும்

ஞாயிறு ஆராதனை. 22 வயது வாலிபன் ஒருவன் முதன்முறையாகச் செய்தி கொடுத்துவிட்டுப் பிரசங்க பீடத்திலிருந்து இறங்குகிறான். போதகர் எழுந்து வருகிறார். "தம்பி நல்லா பகிர்ந்துகிட்டாங்க. அதோட ஒரே ஒரு வார்த்தை..." என்று தொடங்கி, அதே வேதபகுதியை எடுத்து இன்னும் 20 நிமிடம் பேசுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சபைக்கு எதுவும் குறைந்துவிடக்கூடாது என்ற பாரம்தான். ஆனால் தம்பி பேசியது முன்னுரை, செய்தி இனிமேல்தான் என்று சபையார் அன்றைக்குப் புரிந்துகொள்கிறார்கள். அந்தத் தம்பிக்கும் அப்படித்தான் புரிகிறது.

நம் சபைகள் பலவற்றில் ஆலயச் சாவி, காணிக்கைக் கணக்கு, ஆஸ்பத்திரி சந்திப்பு, விடுமுறை வேதாகமப் பள்ளிக்குக் கலர் பேப்பர் வாங்குவது வரை எல்லாம் ஐயர் என்று நாம் அழைக்கும் போதகர் ஒருவர் தலையில் இருக்கிறது. அவருக்கு மாற்றல் வந்தாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ, வாலிபர் கூட்டம் நிற்கிறது, வீட்டு ஜெபங்கள் நிற்கின்றன. "எங்க ஐயர் இருந்தப்ப எப்படி இருந்துச்சு!" என்று சபையார் பெருமூச்சு விடுகிறார்கள். அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் இருந்தபோது யாரும் ஆயத்தப்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

எபேசியர் 4-ஆம் அதிகாரத்தில், மேய்ப்பரும் போதகரும் ஏற்படுத்தப்பட்டதன் நோக்கத்தைப் பவுல் சொல்கிறார்: "பரிசுத்தவான்கள் சீர்பொருந்தும்பொருட்டு". சீர்பொருந்துதல் என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லின் வேர்தான் மாற்கு 1:19-லும் இருக்கிறது. அங்கே யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்க்கிறார்கள். வலை பழுதுபார்ப்பவரைக் கடற்கரையில் கவனித்திருப்பீர்கள். பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, விரல்களாலேயே தடவிக் கிழிசலைக் கண்டுபிடிப்பார். பக்கத்துக் கண்ணி என்ன அளவோ அதே அளவில் புதுக் கண்ணியைப் பின்னுவார். ஆளைத் தகுதிப்படுத்துவதும் இப்படி ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுப் பார்க்கும் வேலை. 300 பேரை உட்காரவைத்து ஒருநாள் தலைமைத்துவக் கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்தால் இது நடக்காது. அதே சொல் கலாத்தியர் 6:1-லும் வருகிறது: குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே "சீர்பொருந்தப்பண்ணுங்கள்". திறமையைக் கட்டுவதற்கும் தவறினவனைத் தூக்கிவிடுவதற்கும் ஒரே சொல்.

அன்பு என்ற வார்த்தை நம் மேடைகளில் தேய்ந்து போயிருக்கிறது. ரோமர் 12:9 "உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக" என்கிறது. மாயக்காரர் என்று இயேசு சொன்னது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டிய வேதபாரகரையும் பரிசேயரையும். முகமூடி போட்ட அன்புக்கு எதிர்ப்பதம் இது. ஒரு தம்பியை "சபையின் தூண்" என்று மேடையில் கட்டியணைத்துவிட்டு, அவன் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் தவிப்பது ஆறு மாதமாகத் தெரியாமல் இருந்தால் அது மாயம். கீபோர்டு வாசிக்கிறவரை மட்டும் கொண்டாடி, கை ஒடிந்து கட்டுப் போட்டதும் மறந்துவிட்டால் அதுவும் மாயம்தான்.

இதை உலகத் திருச்சபையின் முகத்துக்கு நேரே கேட்டவர் நம் மண்ணைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். பிறகு தாமே தெலுங்கு தேசத்துக்கு மிஷனெரியாகப் போனார். 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிமாரின் தியாகத்துக்கு மனதார நன்றி சொன்னார். பிறகு, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். சேர்ந்து உழைத்தும் இந்திய ஊழியரை வீட்டுக்கு அழைத்துச் சமமாக உட்காரவைக்காத நிலைதான் அவரை அப்படிப் பேசவைத்தது.

1912-ல் அவர் தெலுங்கு தேசத்திலுள்ள தோர்ணக்கலின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலைமேல் தாங்களே கைவைத்து, "சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லும்படி செய்தார். எழுதப்படிக்கத் தெரியாத கூலி விவசாயிக்கும் முதல் நாளிலேயே பொறுப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து கேட்கும் கூட்டம் என்ற ஒன்றை அவர் உருவாகவே விடவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். 12 குடும்பங்கள் கூடும் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தைக் கைமாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளைத் தெரிந்தெடுத்தபின் ஆறு மாதம் தேவை. அதற்குக் குறைவாக நடந்தால் அது தள்ளிவிடுவது. இரண்டு வருடத்துக்குமேல் இழுத்தால் பெரும்பாலும் நமக்கு விட மனமில்லை என்று அர்த்தம்.

முதலில் ஆளைத் தெரிந்தெடுப்பது. நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டுகிறவர் யார், வராத குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிறவர் யார், தன் வீட்டாரோடு எப்படிப் பேசுகிறார் என்று மூன்று மாதம் சும்மா கவனியுங்கள். "நூதன சீஷனாயிருக்கக்கூடாது" (1 தீமோத்தேயு 3:6), அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவராக இருக்கக்கூடாது என்ற எச்சரிப்பு அந்த ஆளின் நன்மைக்காகவும் சொல்லப்பட்டதுதான். எப்போதும் இரண்டு பேராக எடுங்கள். இயேசு எழுபது பேரையும் இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தாங்குவார், ஒருவர் வழிதவறினால் மற்றவர் கண்ணில் படும். உங்கள் மகனோ மருமகனோ தகுதியாக இருந்தால் இரண்டாவது ஆள் கட்டாயம் உங்கள் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும்.

முதல் மாதம் அவர்கள் உங்களோடு வரட்டும், எதையும் செய்யவேண்டாம். மாற்கு 3:14-ல் பன்னிருவரை ஏற்படுத்தினபோது "தம்மோடுகூட இருக்கவும்" என்பது முதலில் வருகிறது, அனுப்புவது பிறகுதான். போகும்போதும் வரும்போதும் பைக்கில் பேசுகிற பேச்சுதான் பாதி பயிற்சி. இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் பாடல், ஜெபக்குறிப்பு, சாட்சி நேரம் என்று ஒவ்வொரு பகுதியாகக் கொடுங்கள். நான்காவது, ஐந்தாவது மாதங்களில் முழுக் கூட்டத்தையும் அவர்கள் நடத்த, நீங்கள் பாயில் மற்றவர்களோடு உட்காருங்கள். கேள்வி வந்து எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் அந்தத் தம்பியின் முகத்தைப் பாருங்கள். ஆறாவது மாதம் நீங்கள் போகவே கூடாது. "சும்மா எட்டிப் பார்த்துட்டு வரலாம்னு" போகிற அந்த ஒரு முறை, ஐந்து மாத உழைப்பைக் கெடுத்துவிடும்.

செய்தி கொடுப்பதற்கு ஓர் அளவு வையுங்கள்: ஒரே வேதபகுதி, ஒரே கருத்து, 15 நிமிடம். குறிப்பு ஒரு பக்கத்துக்குமேல் போகவேண்டாம். கூட்டம் சனிக்கிழமை என்றால் வியாழன் இரவுக்குள் குறிப்பைப் பார்த்துவிடுங்கள். வீட்டில் கடிகாரம் வைத்து ஒருமுறை வாய்விட்டுப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகப் பேசுகிறவர்கள் 40 நிமிடம் போவதற்குப் பெருமை காரணமல்ல, முடிப்பது எப்படி என்று தெரியாததுதான் காரணம். கடைசி இரண்டு வாக்கியத்தை மட்டும் முழுதாக எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும், தூங்கப் போகுமுன் 15 நிமிடம் பேசுங்கள். எது நன்றாக இருந்தது என்று நீங்கள் கருதுகிறீர்கள்? எங்கே தடுமாறினீர்கள்? அடுத்த முறை ஒன்றே ஒன்றை மாற்றுவதென்றால் எதை மாற்றுவீர்கள்? இந்த மூன்று கேள்விக்கும் முதலில் அவர் பதில் சொல்லட்டும். பிறகு நீங்கள் திருத்துவதென்றால் ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். ஏழு குறை சொன்னால் ஏழும் நிற்காது, ஆள் மட்டும் நின்றுவிடுவார். சபை வாட்ஸ்அப் குழுவில் திருத்தவே கூடாது.

அதிகாரம் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் பெரிய தவறு. "நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, டீக்கு எத்தனை டம்ளர் என்பதற்குக்கூட அனுமதி கேட்கவைத்தால் ஆறு வாரத்தில் ஆர்வம் வற்றிவிடும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பொறுப்பு, எத்தனை காலம் (ஒரு வருடம், பிறகு பேசிப் புதுப்பிக்கலாம்), எதைக் கேட்காமலே முடிவெடுக்கலாம், அவசர உதவிக்கு எவ்வளவு வரை செலவழிக்கலாம் (சிறிய சபைக்கு ₹2,000 என்று வைக்கலாம்), எதற்குக் கட்டாயம் மூப்பரிடம் வரவேண்டும். பிறகு சபை நடுவில் நிறுத்தி ஜெபித்து அனுப்புங்கள். அறிவிக்காமல் கொடுத்த பொறுப்பைச் சபை மதிக்காது. "நீ யாருப்பா சொல்ல?" என்ற கேள்வியை அந்தத் தம்பி தனியாகச் சந்திக்க நேரிடும்.

அன்பு என்ற பெயரில் தளர்த்தக்கூடாத சில காரியங்கள் உண்டு. காணிக்கையை உறவினரல்லாத இருவர் அன்றைக்கே எண்ணிக் கையெழுத்திட வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஆண் தனியே போகக்கூடாது. வியாதியஸ்தருக்காக ஜெபிக்கிறவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவே கூடாது. தனியே சொன்ன குடும்ப விஷயத்தைப் பொது ஜெபத்தில் சொல்லக்கூடாது. பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கவேண்டும். இவற்றை முதல் வாரத்திலேயே, சந்தேகத்தினால் அல்ல, பாதுகாப்புக்காக என்று விளக்கிச் சொல்லுங்கள்.

தவறு நடக்கும். எந்த வகைத் தவறு என்று பிரித்துப் பாருங்கள். பயிற்சிக் குறைவென்றால் மறுபடி பக்கத்தில் உட்காருங்கள். நிதானக் குறைவென்றால், அந்த வாரத்திலேயே, மத்தேயு 18:15 சொல்கிறபடி தனித்திருக்கையில் பேசி, புண்பட்ட வீட்டுக்குக் கூடவே போய் மன்னிப்புக் கேளுங்கள். பணமோ ஒழுக்கமோ சம்பந்தப்பட்டதென்றால் பொறுப்பிலிருந்து உடனே விலக்குங்கள், ஐக்கியத்திலிருந்து தள்ளாதீர்கள். பொறுப்பு போன பிறகும் அவர் வீட்டுக்குப் போய்வருகிறீர்களா என்பதில்தான் மாயமற்ற அன்பு தெரியும். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் மட்டும் தனி. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். சிறார் உதவி எண் 1098. அங்கே "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்பது அன்பல்ல, பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஓய்வுநாள் பள்ளி, உபவாச ஜெபம், வியாதியஸ்தர் சந்திப்பு, அசனம் என்னும் சபை விருந்துக்குச் சமையல் என்று சபையின் உழைப்பில் பெரும்பங்கு அவர்களுடையது. முடிவெடுக்கும் கூட்டத்தில் மட்டும் நாற்காலி இருக்காது. ஆதிச் சபையின் பிரசங்கியான அப்பொல்லோவைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்துக் காட்டியவர்கள் ஆக்கில்லாவும் அவன் மனைவி பிரிஸ்கில்லாளும். உழைக்கிற அக்காக்களுக்கும் அந்த எழுதின தாளையும், செலவு உரிமையையும், சபை நடுவில் ஜெபத்தையும் கொடுங்கள்.

பயிற்சி கொடுத்தவரைவிடப் பயிற்சி பெற்றவர் நன்றாகச் செய்யும் நாள் வரும். ஆதிச் சபையின் ஊழியரான பர்னபா தர்சு வரை தேடிப்போய், பவுல் என்றும் அழைக்கப்பட்ட சவுலை அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தார். அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் "பர்னபாவும் சவுலும்" என்றிருப்பது, அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" ஆகிவிடுகிறது. அதற்காகப் பர்னபா முறையிட்டதாக ஒரு வரிகூட இல்லை. அவர்களோடு போன மாற்கு ஊழியப் பயணத்தைப் பாதியில் விட்டுப்போனபோதும் அவனை மறுபடி கூட்டிக்கொண்டு போனவர் அவரே. அந்த மாற்குவைத்தான் ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்று பவுல் பின்னாளில் எழுதுகிறார்.

நம் இளைஞர்களுக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோ வளைகுடாவிலோதான். இரண்டு வருடம் பாடுபட்டு வளர்த்த தம்பி கிளம்பும்போது, "சபையை விட்டுட்டுப் போறியா" என்று கேட்டு அவனைக் குற்றவாளியாக்காதீர்கள். அப்பொல்லோ அகாயாவுக்குப் போக விரும்பினபோது, அவனை ஏற்றுக்கொள்ளும்படி சகோதரர் அங்குள்ள சீஷருக்கு எழுதினார்கள். நீங்களும் அவன் சேரப்போகும் சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இங்கே என்ன பொறுப்பில் இருந்தான், எதை நன்றாகச் செய்வான், எதில் இன்னும் உதவி தேவை, இப்போது யார் அவன் இடத்தில் இருக்கிறார்கள். கடிதத்தை அவனையும் படிக்கவிட்டு அவன் கையிலேயே கொடுங்கள். அங்கே அவன் முதல் ஆராதனைக்குப் போன ஞாயிறு மாலையில், சாப்பாடு எப்படி, அறை எப்படி, கூட யார் தங்கியிருக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.