சத்துமாவு தின்றும் தேறாத பிள்ளைக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

முத்தம் கொடுத்தால் பிள்ளை உப்புக் கரிக்கும். வெயிலில் தூக்கிக்கொண்டு நடந்தால் நெற்றியில் உப்புப் பூக்கும். மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு நாறும். இவை சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி மரபணு நோயின் அடையாளங்கள். இப்படி ஒரு குழந்தையைத் தராசில் ஏற்றிவிட்டு, "ஒழுங்கா ஊட்டலையாம்மா?" என்று தாயைக் கேட்டதைத் திருவாரூர்ப் பக்கம் கண்ணால் பார்த்தேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கொழுப்பைச் செரிக்க வைக்கும் கணையச் சாறு குடலுக்கு வந்து சேராது. அந்தச் சாற்றின் வேலையைச் செய்யும் என்சைம் காப்ஸ்யூல் இல்லாமல் எதை ஊட்டினாலும் கொழுப்பில் பெரும்பகுதி செரிக்காமல் வெளியேறிவிடும். 2021 தேசிய அரிய நோய்கள் கொள்கையில் இந்த என்சைம் பெயர் சொல்லியே இருக்கிறது. மத்திய அரசின் உதவி ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை. கொள்கை பற்றி இவ்வளவு போதும்.

அலைச்சல் இனிமேல்தான். முதலில் காப்பீட்டுக் கவுன்டரைக் காட்டுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை (குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்) ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கைகொடுக்கும்; வீட்டில் வேளாவேளைக்கு விழுங்கும் காப்ஸ்யூலுக்கு ஆகாது. அப்புறம் "மாற்றுத்திறனாளி சான்று வாங்கிட்டு வாங்க" என்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ரத்த நோய்களான தலசீமியா உண்டு, ஹீமோஃபீலியா உண்டு, இது இல்லை. சொல்பவருக்கே அது தெரியாது. அந்த வரிசையில் நிற்காதீர்கள்.

போக வேண்டியது எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. அரிய நோய்களுக்கான சிறப்பு மையம் அங்கே இருக்கிறது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. ஆனால் வெறுங்கையோடு போனால் திரும்பி வர வேண்டியதுதான். வியர்வைப் பரிசோதனை முடிவு (குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல்), மரபணு முடிவு இருந்தால் அதுவும் வேண்டும். எழும்பூருக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டில் 'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள். நோயின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஆதாரிலும் சீட்டிலும் பிள்ளையின் பெயர் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

அந்த உதவிப் பணம் மருத்துவமனைக்குத்தான் போகும், உங்கள் கணக்குக்கு வராது. "50 லட்சம் வாங்கித் தர்றேன், கமிஷன் கொடுங்க" என்று வருபவன் திருடன்.

சாப்பாட்டு விஷயத்திலும் உஷார். "வயித்தால போகுது, எண்ணெயைக் குறைங்க" என்ற பேச்சைக் கேட்காதீர்கள். காப்ஸ்யூலோடு சேர்த்து நல்லெண்ணெய், முட்டை, வேர்க்கடலை எல்லாம் வேண்டும். சித்திரை வெயிலில் உப்பும் கூடுதலாக வேண்டும். அளவை டாக்டரிடம் கேளுங்கள். சின்னப் பிள்ளைக்குக் காப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளே இருக்கும் குருணையை ஒரு கரண்டி ஆப்பிள் மசியலில் வைத்து உடனே விழுங்க வையுங்கள். கடிக்க விடாதீர்கள், சூடான கஞ்சியில் கலக்கவே கலக்காதீர்கள்.