நியமனமா, குறித்த நேரமா?

பல் பிடுங்கப் போகிறவருக்கு யார் பணி ஆணை கொடுத்தது? பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையிலிருந்து "தங்கள் நியமனம் காலை 10.30-க்கு மாற்றப்பட்டுள்ளது" என்று கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. நாட்குறிப்பு மென்பொருள்களைத் தமிழாக்குகிறவர்களும் இதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். அப்பாயின்ட்மென்ட் என்று கண்டால் நியமனம் என்று ஒட்டிவிட வேண்டியது.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒன்றைப் பேசி முடித்து ஒரு புள்ளியில் நிறுத்துவது அதன் அடிப்பொருள். 'பாயின்ட்' உள்ளேயே இருக்கிறது. ஆளைப் பதவியில் அமர்த்தினாலும், ஒரு காரியத்துக்கு மணி குறித்தாலும் அவர்களுக்கு ஒரே சொல் போதும். நமக்குப் போதாது. நியமனம் என்றால் பதவி, சம்பளம், ஆணை. 'நியமனத்தை ரத்து செய்' என்ற பொத்தானைக் கண்டால் அரசு ஊழியருக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

சரி, 'சந்திப்பு' என்று வைத்தால் என்ன என்பார்கள். நெல்லைக்காரனிடம் 'சந்திப்பு' என்றால் ரயில் நிலையம்தான் முதலில் நினைவுக்கு வரும். அது கிடக்கட்டும். சந்திப்பு என்பது நடக்கும் நிகழ்ச்சி. அப்பாயின்ட்மென்ட் என்பது அதற்காக முன்கூட்டி வைத்த நேரம். ஸ்கேன் எடுக்கவும், பத்திரம் பதியவும் நேரம் வாங்குகிறோமே, அங்கே யாரை யார் சந்திக்கிறார்? ஸ்கேன் இயந்திரத்தையா? 'முன்பதிவு' இன்னும் மோசம். அது டிக்கெட்டுக்கும் அறைக்கும் போய்விட்ட சொல்.

ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தி மென்பொருளில் இயங்கும் ஆர்க் மோட் என்ற குறிப்பெழுதும் கருவியில் நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் உறைக்கும். 2003-இல் கார்ஸ்டன் டொமினிக் தொடங்கிய அந்தக் கருவியில் எல்லாமே வெறும் எழுத்துதான். தலைப்புக்குக் கீழே <2025-03-10 திங்கள் 10:30-11:15> என்று ஒரு வரி, அவ்வளவுதான். தொடக்க நேரத்தின் மேல் கர்சரை வைத்து, ஷிப்டை அழுத்திக்கொண்டு மேல் அம்புக்குறியைத் தட்டினால், முடியும் நேரமும் கூடவே நகரும். முக்கால் மணி நேரம் முக்கால் மணி நேரமாகவே இருக்கும். எவ்வளவு நேரம் என்பதையே மாற்ற வேண்டுமானால் இரண்டாவது நேரத்தின் மேல் தட்ட வேண்டும். முன்னது நேரத்தைத் தள்ளிவைப்பது. பின்னது நேரத்தைக் கூட்டுவது அல்லது குறைப்பது. இந்த இரண்டையும் 'நியமனத்தைத் திருத்து' என்ற ஒரே மூட்டையில் கட்டினால் படிக்கிறவருக்கு என்ன விளங்கும்?

'டைம்ஸ்டாம்ப்' எனப்படும் அந்த வரிக்கு 'நேரமுத்திரை' என்று பெயர் வைக்கிறார்கள். தபால் முத்திரையைச் சுரண்டி மாற்ற முடியுமா? ஒரு கோப்பு எப்போது சேமிக்கப்பட்டது என்று கணினி தானே பதிவதற்கு முத்திரை பொருந்தும். நாம் நினைத்தபோதெல்லாம் நகர்த்துகிற நேரத்துக்குப் பொருந்தாது.

இன்னொன்று. அதே கருவியில் ஒரு வேலைக்கு 'ஷெட்யூல்ட்' என்று தேதியிட்டால், அன்று வேலையைத் தொடங்க எண்ணியிருக்கிறோம் என்றுதான் பொருள். கூட்டத்துக்கோ மருத்துவருக்கோ அதைப் போடாதீர்கள், வெறும் நேரத்தை எழுதினால் போதும் என்று அதன் கையேடே சொல்கிறது. அதைப் படிக்காமலே 'அட்டவணைப்படுத்தப்பட்டது' என்று பெயர்த்து வைக்கும் துணிச்சல் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டும் வரும். 'டெட்லைன்' என்பதற்கு நல்ல வேளையாகக் 'கெடு' இருக்கிறது; அதையும் 'இறுதிக்காலவரையறை' என்று இழுக்காமல் இருந்தால் சரி.

கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோம், பால் காய்ச்ச நேரம் குறிக்கிறோம். கையில் இருக்கும் இந்த வினையை விட்டுவிட்டு ஏன் வெளியே தேட வேண்டும்? நீதிமன்றத்தில் புழங்கும் 'வாய்தா' உருது வழி வந்ததுதான். ஆனாலும் வழக்காட வந்த கிராமத்தாருக்கு அது ஒரு நொடியில் புரிகிறது. நியமனம் புரியவில்லை. தூய்மையைவிடத் தெளிவுதான் எனக்கு முக்கியம். 'குறித்த நேரம்' என்பதில் இரண்டுமே கிடைக்கின்றன. அது நீளம், பொத்தானில் அடங்காது என்று சொல்கிறவர்கள் 'நேரம் குறி', 'நேரம் மாற்று', 'நேரம் நீக்கு' என்று எழுதிக்கொள்ளலாம். 'நியமனத்தைத் திருத்து' என்பதைவிட மூன்றுமே சிறியவை.