ஜோம்சோம் பாதையில் விமானங்கள் மலையில் மோதுவது ஏன்?

நேபாளத்தில் போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் சுமார் இருபது நிமிடம்தான். வழி, காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் தவளகிரி (8,167 மீட்டர்), மறுபக்கம் அன்னபூர்ணா (8,091 மீட்டர்). இங்கே பறக்கும் ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானத்தில் கேபின் அழுத்த வசதி கிடையாது. சிகரங்களுக்கு மேலே ஏறிப் போக முடியாது. மலைகளுக்கு நடுவே, கண்ணால் பார்த்தபடிதான் ஓட்டியாக வேண்டும். 2016 பிப்ரவரி 24-ல் 23 பேரும், 2022 மே 29-ல் 22 பேரும் இந்தப் பாதையில் இறந்தார்கள். இரண்டு முறையும் விமானிகளின் கட்டுப்பாட்டில் இருந்த விமானம்தான் மேகத்துக்குள் புகுந்து மலையில் மோதியது.

வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து, மலையை ஒட்டியே மேகம் திரள்கிறது. அதே சூடு பள்ளத்தாக்கு வழியே காற்றையும் இழுக்கிறது. முற்பகல் தாண்டினால் ஜோம்சோமில் இறங்க முடியாத அளவுக்குக் காற்று வீசும். அதனால் காலையில் வானிலை சரியில்லை என்று காத்திருந்தால், பறப்பதற்குக் கிடைக்கும் நேரமும் சுருங்கிவிடுகிறது. அவசரம் இங்கேதான் பிறக்கிறது.

முன்னால் வழி மூடிவிட்டால் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்? 10,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால், வேகமானி 100 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) காட்டும்போது உண்மை வேகம் சுமார் 116 நாட். விமானத்தை 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 630 மீட்டர். அப்படியே திரும்பி வர 1,260 மீட்டர் அகலம் தேவை. சாய்வை 45 டிகிரி ஆக்கினால் ஆரம் 365 மீட்டராகக் குறையும். ஆனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், சாயாமல் பறக்கும்போது இருப்பதைவிட 19 சதவீதம் உயர்ந்துவிடும். பள்ளத்தாக்கின் நடுவில் பறப்பவர் பாதி அகலத்தை வீணாக்குகிறார். காற்று எந்தப் பக்கத்தை நோக்கி வீசுகிறதோ அந்தப் பக்கச் சரிவை ஒட்டிப் பறந்தால் முழு அகலமும் கிடைக்கும். திரும்பும்போது எதிர்க்காற்று வட்டத்தை இன்னும் சுருக்கும்.

மேகத்துக்குள் போனபின் காதை நம்ப முடியாது. சீரான வளைவில் இருபது விநாடி போனால், உட்காதின் திரவம் நேராகப் போவதாகவே சொல்லும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகம், கருவிகளைப் பார்த்தே பறக்கும் பயிற்சி இல்லாத 20 விமானிகளைச் செயற்கையாகப் பார்வை மறைத்துப் பறக்க வைத்தது. எல்லோரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். பயிற்சி பெற்றவர் இறக்கையைச் சமமாக வைத்துக்கொள்வார். ஆனால் பாறை எங்கே என்பதை அந்தக் கருவிகள் சொல்லாது.

அதைச் சொல்லத்தான் நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. ஜிபிஎஸ் இடத்தை நிலவரைபடத் தரவோடு ஒப்பிட்டு அது அலறும். வழக்கமான பாதையே மலையை உரசிப் போகும் பள்ளத்தாக்கில், நல்ல நாளிலும் அது அலறக்கூடும். 2022 விபத்தின்போது எச்சரிக்கை முடக்கி வைக்கப்பட்டிருந்ததாக விசாரணை அறிக்கை சொல்கிறது. இதில் விமானியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அந்தப் பாதைக்குப் பொருந்தும்படி கருவியை அமைத்துத் தருவதும் வேலையில் சேர்ந்ததே.

அலாஸ்காவின் மலைக் கணவாய்களில் அமெரிக்க விமானத்துறை வானிலை கேமராக்களை வைத்திருக்கிறது. புறப்படும் முன்பே கணவாய் திறந்திருக்கிறதா என்று விமானி படத்தில் பார்த்துவிடலாம். ஜோம்சோம் பாதையில் உள்ள கோரேபானிக்கும் லேத்தேக்கும் அப்படிப்பட்ட கண்கள்தான் முதலில் வேண்டும்.