பத்தாம் வகுப்புக் கணிதம்: ஸ்டாண்டர்டா, பேசிக்கா?

சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம், பக்கத்து வீட்டு அம்மா கையில் ஒரு தாளோடு வந்தார். அவர் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்தாம் வகுப்பு. "கணக்குக்கு 041 வேண்டுமா, 241 வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். நாளைக் காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். காலாண்டில் 80-க்கு 41தான் வாங்கியிருக்கிறாள். சுலபமானதையே போட்டுவிடலாமா?" என்று கேட்டார். மகள் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

ஸ்டாண்டர்டா (041), சுலபமான பேசிக்கா (241) என்ற இந்த முடிவு பல வீடுகளில் இப்படித்தான், ஒரே இரவில், மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுக்கப்படுகிறது. விதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த ஒரு இரவே போதும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சி.பி.எஸ்.இ. வாரியம் 2019 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பத்தாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வு இனி இரண்டு நிலைகளில் நடக்கும் என்றது அது. 041 என்ற குறியீட்டில் ஸ்டாண்டர்டு, 241 என்ற குறியீட்டில் பேசிக். 2020-இல் முதன்முறையாக இந்த இரண்டு தாள்களும் எழுதப்பட்டன. ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பிரிவு கிடையாது.

பெற்றோர் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. பேசிக் என்றால் பாடம் குறைவு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. புத்தகம் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, வகுப்பு ஒன்று. பள்ளி கொடுக்கும் 20 மதிப்பெண் அக மதிப்பீடும் ஒன்றே. முக்கோணவியலையோ புள்ளியியலையோ பேசிக் மாணவர் தாண்டிப் போக முடியாது. மாறுவது 80 மதிப்பெண் வினாத்தாள் மட்டும். இரண்டுக்கும் மூன்று மணி நேரம்தான். வினாக்களின் தன்மை வேறு. வாரியத்தின் பாடத்திட்டக் கையேட்டின்படி பேசிக் தாளில் 75 விழுக்காடு நினைவில் வைத்தலும் புரிந்துகொள்ளுதலும் சார்ந்தவை. ஸ்டாண்டர்டில் அது 54 விழுக்காடு. அலசி ஆராய்ந்து விடை காண வேண்டிய பங்கு பேசிக்கில் 10, ஸ்டாண்டர்டில் 22.

எண்ணிக்கையாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. கூட்டுத் தொடரையே எடுத்துக்கொள்வோம். 3, 8, 13 என்று போகும் தொடரின் இருபதாவது உறுப்பு என்ன என்பது பேசிக் தாளில் வரக்கூடிய கேள்வி. வாய்பாட்டில் எண்களைப் போட்டால் 98 வந்துவிடும். ஸ்டாண்டர்டு வேறு மாதிரி கேட்கும்: 20, 18, 16 என்று இறங்கும் தொடரில் எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் 90 வரும்? இதற்கும் வாய்பாடு உண்டு. ஆனால் போட்டுப் பார்த்தால் 6, 15 என்று இரண்டு விடைகள் வந்து நிற்கும். இரண்டுமே சரியா, ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அன்று மாலை அந்தப் பெண்ணிடம் இந்தக் கணக்கைத்தான் கொடுத்தேன். 6 என்று எழுதினாள். 15-ஐயும் எழுதி, எங்கோ பிழை என்று எண்ணி அடித்துவிட்டாள். அடித்ததை ஏன் அடித்தாய் என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவள், ஏழாவது உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள். 8, 6, 4, 2, 0, பிறகு கழித்தல் 2, கழித்தல் 4, கழித்தல் 6, கழித்தல் 8. "எல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன" என்றாள். 41 மதிப்பெண் சொல்லாத ஒன்றை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிட்டது.

இனி, எந்தத் தாளைத் தேர்ந்தெடுத்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது. 2019 சுற்றறிக்கையின்படி, பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுக்க விரும்புபவர் ஸ்டாண்டர்டு எழுதியிருக்க வேண்டும். பேசிக் என்பது அதற்குமேல் கணிதம் படிக்கப் போவதில்லை என்று தெளிவாக இருப்பவருக்காக வந்த ஏற்பாடு. கொரோனா காலத்தில், 2020-இல், பேசிக் எழுதியவர்களும் கணிதம் எடுக்கலாம் என்று வாரியம் ஓராண்டுக்குத் தளர்த்தியது. பிறகு அந்தத் தளர்வை நீட்டித்துக்கொண்டே வந்தது. 2024-25 கல்வியாண்டுக்கு நீட்டித்தபோது, மாணவருக்குக் கணிதம் படிக்கும் திறனும் நாட்டமும் இருக்கின்றனவா என்று பள்ளித் தலைமையாசிரியர் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. ஆக, தளர்வு நிரந்தர உரிமை அன்று. அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையும் பள்ளியின் மனமும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். "பேசிக் எழுதட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், உங்கள் பிள்ளை பதினொன்றில் சேரப்போகும் ஆண்டுக்கு அந்தத் தளர்வு உண்டா என்று சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பிள்ளையின் இரண்டு ஆண்டுகளைப் பணயம் வைக்க வேண்டாம்.

தேர்வில் தவறினாலும் வழி இருக்கிறது. ஸ்டாண்டர்டில் தேர்ச்சி பெறாதவர் துணைத்தேர்வில் ஸ்டாண்டர்டோ பேசிக்கோ எழுதலாம் என்றது 2019 விதி. பேசிக்கில் தவறியவர் பேசிக்கையே எழுத வேண்டியிருந்தது. பேசிக்கில் தேறிய பிறகு மனம் மாறியவர், துணைத்தேர்வின்போது ஸ்டாண்டர்டு எழுதவும் 2019 விதி இடம் தந்தது. ஸ்டாண்டர்டு எடுத்துத் தோற்றுவிட்டால் என்ன ஆவது என்று அஞ்சுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து கீழே வருவது எளிது. கீழிருந்து மேலே போவதற்குக் கூடுதலாக ஒரு தேர்வு தேவைப்படும்.

பதினொன்றாம் வகுப்பில் இன்னொரு பிரிவு வருகிறது. 2020-21 முதல் அங்கே கணிதம், பயன்பாட்டுக் கணிதம் என இரண்டு பாடங்கள் உள்ளன. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். குறியீடுகள் இங்கே குழப்பும்: கணிதத்துக்கு மறுபடியும் 041, பயன்பாட்டுக் கணிதத்துக்கு மறுபடியும் 241. பத்தாம் வகுப்பு 241-உம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு 241-உம் வேறு வேறு. பேசிக் எழுதியவரும் பயன்பாட்டுக் கணிதம் எடுக்கலாம். கடன் தவணை, காலத்தொடர், நிகழ்தகவுப் பரவல் என்று வணிகத்துக்கும் பொருளாதாரத்துக்கும் உதவுகிற பாடம் அது. நல்ல பாடம் என்றே சொல்வேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகவியல் பிரிவில் உள்ள வணிகக் கணிதமும் புள்ளியியலும் இதற்கு நெருங்கிய உறவு.

ஆனால் பொறியியல் என்றால் இந்த வழி உதவாது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. பாதி எடை கணிதத்துக்கே. பி.ஆர்க்., ஜே.இ.இ., தேசிய பாதுகாப்பு அகாடமியின் விமானப்படை, கடற்படைப் பிரிவுகள் எல்லாம் பன்னிரண்டில் கணிதம் கேட்பவை. மருத்துவத்துக்கு நீட் போதும், கணிதம் வேண்டாம். சட்டம், வரலாறு, இலக்கியம் படிப்பதற்கும் கட்டாயம் இல்லை. பட்டயக் கணக்காளர் ஆகப் பன்னிரண்டில் கணிதம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் ஃபவுண்டேஷன் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் உண்டு.

பேசிக் எடுப்பது தலைகுனிய வேண்டிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. என்னிடம் கணக்குக் கேட்க வந்த ஒரு பையன் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்குபவன். சட்டம்தான் படிப்பேன் என்று ஏழாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். பேசிக் எடுத்தான், மிச்சமான நேரத்தைச் சமூக அறிவியலுக்குக் கொடுத்தான். அதில் எனக்கு முழு சம்மதம். என்னை வருத்துவது வேறு. பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு கெடக்கூடாது என்பதற்காக, சராசரி மாணவர்களையெல்லாம் மொத்தமாகப் பேசிக் பக்கம் தள்ளும் இடங்கள் இருக்கின்றன. இரண்டில் எது என்று சொல்லும் உரிமையை விதி மாணவருக்கே கொடுத்திருக்கிறது. பள்ளி ஆலோசனை சொல்லலாம், முடிவைத் திணிக்கக்கூடாது.

முடிவெடுக்கும் முன், வாரியத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரி வினாத்தாள்களில் இரண்டு நிலைகளுக்கும் ஒவ்வொன்றை எடுத்து, இரண்டு விடுமுறை நாள்களில் கடிகாரம் வைத்துப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். எத்தனை சரி என்பதைவிட, தெரியாத கேள்வியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். வாரியத்துக்குப் பள்ளி அனுப்பும் தேர்வர் பட்டியலை எல்.ஓ.சி. என்பார்கள். பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் அது போகும். அதற்கு முன் வரும் படிவத்தில் பாடக் குறியீட்டைச் சரிபார்த்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு வந்ததும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் படிவத்தில் 041 என்று எழுதினார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அம்மா தாளை மகளிடம் நீட்டி, "நீ ஒருமுறை படித்துவிட்டுக் கொடு" என்றார்.