தோனத்தியு: காய்ந்துகொண்டே செல்பவன்

மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் சூரியனுக்கும் சூரியக் கடவுளுக்கும் ஒரே பெயர், தோனத்தியு. ரோமன் எழுத்தில் இதன் இறுதியில் யு, எச் என இரண்டு எழுத்துகள் நிற்கும். இரண்டும் சேர்ந்து வகர ஒலி ஒன்றையே குறிப்பதால் ‘டோனாட்டியுஹ்’ என்று எழுதுவது பிழை.

‘தோன’ என்றால் வெயில் காய்தல். ஈற்றில் இருப்பது ‘போ’ என்னும் வினை. நடுவில் வரும் ‘தி’ நம் வினையெச்ச விகுதியைப் போல இரண்டையும் கோக்கிறது. காய்ந்து + செல். அதே வேரில் பிறந்த ‘தோனல்லி’க்கு வெப்பம், நாள், உடலில் தங்கும் உயிர்ச்சூடு எனப் பல பொருள். ஒளி, சூரியன், பகல் மூன்றையும் சுட்டும் நம் பழஞ்சொல் ‘எல்’ இதற்கு வெகு அருகில் நிற்கிறது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தோனத்தியுவைத் தொடக்கமில்லாத தெய்வம் என்று எழுதிவிடுகிறார்கள். கதைப்படி இவர் ஐந்தாம் சூரியன். முந்தைய நான்கும் அழிந்தவை. மெக்சிகோவின் பழம்நகரான தெயோத்திவாக்கானில், குதிப்பவர் சூரியனாவதற்காகத் தேவர்கள் தீ மூட்டியபோது, செல்வச் செழிப்புள்ள தெக்சிஸ்தெக்கத்ல் நான்கு முறை ஓடிவந்து நான்கு முறையும் வெப்பம் தாளாமல் பின்வாங்கினார். உடலெல்லாம் புண்ணான நனாவாத்சின் கண்ணை மூடிக் குதித்துச் சூரியனானார். (‘நனாவாத்ல்’ என்பதே புண்நோயின் பெயர், ‘த்சின்’ மரியாதை விகுதி. ‘புண்ணனார்’ என்றால் சரியாக இருக்கும்.) வெட்கிப் பின்னால் குதித்தவர் நிலவானார். இரண்டும் ஒரே அளவு ஒளிர்ந்ததால், தேவர்களில் ஒருவர் நிலவின் முகத்தில் முயலை வீசி மங்கச் செய்தார். நாம் முயற்கறை என்பதும் அதே கறைதான்.

அப்போதும் சூரியன் நகரவில்லை. தேவர்கள் தம் உயிரைக் கொடுத்து, காற்றுக் கடவுள் எஹேக்கத்ல் ஊதித் தள்ளிய பிறகே புறப்பட்டது. பெயருக்குள் ‘செல்’ இருப்பது வெறும் அலங்காரமில்லை.

ஆகவே தமிழில் பெயர்க்கும்போது, வானில் தெரியும் கோளத்துக்கு ‘ஞாயிறு’ போதும். கடவுளுக்குக் ‘காய்கதிரோன்’ பொருந்தும், ‘செல்’ என்னும் பொருள் மட்டும் விடுபடும். கண்ணகி வாயில் வரும் ‘காய்கதிர்ச் செல்வன்’ ஆசை காட்டும். ஆனால் அங்கே செல்வன் என்பது தலைவன், செல்பவன் அல்ல.

கிரகணத்துக்கு நாவாட்டில் தொடர் ‘தோனத்தியு குவாலோ’, சூரியன் உண்ணப்படுகிறது. நாம் பாம்பு விழுங்குகிறது என்போம். அந்தத் தொடரில் உண்பவர் யாரென்று சொல்வதில்லை.