பெட்ரோல் எங்கே தடைபடுகிறது? அவுட்போர்டு எஞ்சினின் எரிபொருள் பாதை

சென்னையின் நொச்சிக்குப்பத்திலோ ஊரூர் குப்பத்திலோ கரையிலிருந்து இறக்கப்படும் ஃபைபர் படகுக்குப் பெரிய கண்டம், அலை உடையும் இடத்தில் இருக்கிறது. அடுத்த அலை எழும்புவதற்குள் அதைத் தாண்டியாக வேண்டும் என்பதால், படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சினை முழு வேகத்தில் முடுக்குவார்கள். எரிபொருள் கோளாறு உள்ள எஞ்சின் மிகச் சரியாக அங்கேதான் காலை வாரிவிடும். அதே எஞ்சினைக் கழற்றித் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்த்தால், ஒரு குறையும் இல்லாததுபோல் ஓடும்.

காரணம் எளியது. 10 குதிரைத்திறன் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 4 முதல் 5 லிட்டர் வரை குடிக்கும். சும்மா ஓடும்போது அதில் ஒரு சிறு பங்கே போதும். பாதை பாதி அடைத்திருந்தாலும் அந்தச் சிறு பங்கு வந்து சேர்ந்துவிடும். முழு வேகத்துக்கு வேண்டியது வராது. ஆகவே டிரம்மில் நன்றாக ஓடியது என்பதை நம்பிப் படகை இறக்கக் கூடாது.

எஞ்சின் திணறினால் உடனே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதைக் கடைசியில்தான் தொட வேண்டும். பெட்ரோல் டேங்கில் தொடங்கிப் பெட்ரோல் போகும் திசையிலேயே நாமும் போக வேண்டும்.

டேங்க் படகின் தரையில் இருக்கிறது. எஞ்சின் அதைவிட உயரத்தில். எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்பு தன் பக்கம் அழுத்தத்தைக் குறைக்கிறது. டேங்குக்குள் பெட்ரோலின்மேல் அமர்ந்திருக்கும் வளிமண்டலக் காற்று அதை மேலே தள்ளுகிறது. அப்படித் தள்ள வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான் டேங்க் மூடியில் ஒரு காற்றுத் திருகு இருக்கிறது. அதைத் திறக்க மறந்தால், அல்லது உப்புப் பூத்து அடைத்துவிட்டால், எஞ்சின் சில நிமிடங்கள் ஓடிவிட்டு நின்றுபோகும். சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி கிளம்பும். மூடியைத் தளர்த்தும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாயும் சத்தம் கேட்டால் கோளாறு பிடிபட்டுவிட்டது.

அடுத்தது, டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் டியூபின் நடுவே இருக்கும் ரப்பர் பந்து. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் அமுக்குவதற்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், படகில் இருக்கும் மிகச் சிறந்த சோதனைக் கருவி அதுதான். அதன் இரு முனைகளிலும் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. மேலே உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அமுக்கினால், சில அமுக்கலில் பந்து கல்போல இறுகும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பி மிதவை உயர்ந்து, பெட்ரோல் வரும் வழியை ஊசி வால்வு மூடிக்கொண்டது என்று அதற்குப் பொருள். எத்தனை அமுக்கினாலும் இறுகவில்லையென்றால், எங்கோ காற்று புகுகிறது, அல்லது பந்தின் வால்வுகள் தேய்ந்துவிட்டன, அல்லது ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் கார்புரேட்டரிலிருந்து வழிகிறது. எஞ்சின் ஓடும்போது பந்து சற்று இளகுவது இயல்பு. ஆனால் ஒட்டிப்போய்த் தட்டையானால், அடைப்பு பந்துக்கும் டேங்குக்கும் இடையில் இருக்கிறது. பந்து இறுகியும் ஸ்பார்க் பிளக் உலர்ந்தே இருந்தால், அடைப்பு பந்தைத் தாண்டி எஞ்சின் பக்கம்: ஃபில்டரில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், ஊசி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

எஞ்சின் திணறும் நேரத்தில் ஒருவர் பந்தைத் தொடர்ந்து அமுக்கிப் பார்க்கட்டும். உடனே வேகம் பிடித்தால், பம்பு செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது. அப்போது பம்பையும் டேங்க் பக்கத்தையும்தான் பார்க்க வேண்டும். கார்புரேட்டரைத் தொட வேண்டியதே இல்லை.

டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட பகுதியில் விழும் ஓட்டையைக் கண்டுபிடிப்பது கடினம். உறிஞ்சும் பக்கம் என்பதால் எஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டுகூட வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடிப்பதைப் போன்றது இது. ஒரு சாண் நீளமுள்ள, பெட்ரோல் தாங்கும், உள்ளே போவது தெரியும் பிளாஸ்டிக் டியூபைப் பம்புக்குச் சற்று முன்னால் இணைத்து எஞ்சினை ஓட்டுங்கள். நல்ல பாதையில் பெட்ரோல் இடைவெளியின்றிப் போகும். காற்று புகுந்தால், குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போவது கண்ணுக்குத் தெரியும். டியூப் எஞ்சினில் மாட்டும் கப்ளிங்கின் ரப்பர் வளையமும் துருப்பிடித்த கிளிப்புகளும்தான் முதல் சந்தேகத்துக்கு உரியவை. பழைய டியூபின் உள்சுவர் தனியே உரிந்து, உறிஞ்சும்போது மடங்கி அடைப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் புத்தம்புதிதுபோல் இருக்கும்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் பம்பு பெரும்பாலும் டயாஃப்ரம் எனப்படும் ஒரு மெல்லிய சவ்வுதான். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே உள்ள அறையான கிராங்க்கேஸில் ஏறி இறங்கும் அழுத்தமே அதை அசைக்கிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால் விநாடிக்குச் சுமார் 83 முறை. டயாஃப்ரத்தில் ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் நேராக அந்தச் சிலிண்டரின் கிராங்க்கேஸுக்குள் போய்விடும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிளக் நனைந்தும் மற்றது உலர்ந்தும் இருந்தால் டயாஃப்ரத்தைச் சந்தேகியுங்கள்.

எரிபொருள் குறைவதை வெறும் வேகக் குறைவு என்று எண்ணி ஓட்டிக்கொண்டே போவது எனக்கு அச்சம் தருகிறது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக்கில், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. சூடு ஏறும், உராய்வு கூடும், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் டியூபை மாற்றாததற்கு எஞ்சினையே விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும். காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைச் சற்றே இழுத்ததும் எஞ்சின் தெம்பு பெற்றால் அது எரிபொருளுக்கு ஏங்குகிறது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு கரைக்குத் திரும்பிவிடுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். சென்னையின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் உறிஞ்சுகுழாய் இருப்பதும் அடியில்தான். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால், டேங்கைக் காலி செய்து கழுவாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். இந்த வேலையின்போது அருகில் பீடியோ அடுப்போ இருக்கக் கூடாது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினை முதலில் பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றாவிட்டால், கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியலில் கயிறு இழுத்தே கை சோர்ந்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டர். அதில் பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் திருகுகளே ஜெட்டுகள். சும்மா ஓடும்போது அணைந்து, வேகத்தில் மட்டும் நிற்காமல் ஓடினால் சிறிய ஜெட் அடைத்திருக்கும்; இதற்கு நேர்மாறாக இருந்தால் பெரிய ஜெட்டைப் பாருங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். அந்தத் துளை சற்றே அகன்றாலும் கலவையின் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதினால் போதும். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய ஜெட்டில் பொறித்திருக்கும் அதே எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.